பரிந்து பேசும் வேலை



"தப்பு செய்தவனுக்காக எப்படிப் பேசுகிறீர்கள்?" நம் சபையிலேயே பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். ஆராதனை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது பதில் சொல்ல நேரம் போதாது. இன்று சொல்கிறேன்.

அப்போஸ்தலர் 24ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். பவுலைக் குற்றஞ்சாட்ட வந்தவர்கள் தெர்த்துல்லு என்ற பேச்சு வல்லவனைக் கூட்டி வந்தார்கள். பவுலோ தனக்காகத் தானே பேசினார். படித்தவர், பேசினார். எல்லாரும் பவுல் அல்லவே!

1961இல் புளோரிடாவில் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற ஏழை, ஒரு பூல் விளையாட்டுக் கடைக்குள் புகுந்து திருடியதாகக் கைதானார். வக்கீல் வேண்டும் என்றார், நீதிபதி மறுத்தார். ஐந்து வருடத் தண்டனை. சிறையிலிருந்தே பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். பிள்ளைகளே, பென்சிலால்! 1963இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். மறு விசாரணையில், முக்கிய சாட்சி பழைய ஆள்தான். ஆனால் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருந்தார். ஜூரி கிடியனை விடுவித்தது.

ஃபெடரல் கோர்ட்டில் இந்த உரிமை 1938இலேயே வந்துவிட்டது. ஆனால் வக்கீலுக்குச் சம்பளம் கொடுக்கச் சட்டம் வந்தது 1964இல். எங்களைப் போன்ற அலுவலகங்களுக்கு வழி பிறந்தது 1970இல்.

கைதானவரை முதலில் சந்திக்கும்போது, நேற்றைய உடுப்போடு உட்கார்ந்திருப்பார். "நான் உங்கள் பக்கம்" என்பேன். "உனக்குச் சம்பளம் தருவது அரசாங்கம்தானே?" என்பார். அந்தச் சந்தேகம் நியாயமானதே. நம்பிக்கை வரப் பல வாரம் ஆகும்.

பத்தில் ஒன்பது பேர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள். சினிமாவில் வருகிற ஆவேச வாதம் அபூர்வம். பழைய பள்ளிக்கூட ரிக்கார்டு, ஆஸ்பத்திரிக் காகிதம், அம்மா சொன்ன கதை என்று சேகரித்து, இவர் யார் என்று நீதிபதிக்குச் சொல்வதுதான் பெரும் பகுதி. செய்ததைச் சரி என்று சொல்வதில்லை. பாதிக்கப்பட்டவர்களும் அதே அறையில் இருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். அது லேசான காரியம் அல்ல.

தண்டனை சொல்லும் நாளில் பின்னால் இருக்கிற பெஞ்சுகள் பல தடவை காலியாகவே கிடக்கும். கோர்ட் கதவு எல்லாருக்கும் திறந்ததுதான். படம் மட்டும் எடுக்கக் கூடாது. வாலிபர் சங்கத்தார் ஒரு நாள் வந்து உட்காருங்கள். தேதி நான் சொல்லுகிறேன்.