மன்றோ துருத்தில் ஒரு பகல்

கொல்லம் அருகே, கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் கலக்குமிடத்தில் உள்ள தீவுக் கிராமம் மன்றோ துருத்து. திருவிதாங்கூர் திவானாக இருந்த கர்னல் மன்றோவின் பெயர் கொண்டது. குடும்பத்துடன் வள்ளத்தில் போனோம். தென்னை நிழலில் குறுகிய கால்வாய்கள்; துடுப்புச் சத்தம் தவிர வேறு ஓசையில்லை. ஆனால் பூட்டிய வீடுகள் பல.

காரணம் கேட்டேன். சுவரில் உப்பேறிய கோட்டைப் படகுக்காரர் காட்டினார். "வேலியேற்றத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும் சார். பிள்ளைகளோடு எத்தனை நாள் இருப்பது?"

ஆற்று வண்டலால் உண்டான மண் இது. தென்மலையில் அணை வந்தபின் வண்டல் வரத்துக் குறைந்தது. 2004 சுனாமிக்குப் பின் நிலைமை மோசமானதாக ஊரார் சொல்கிறார்கள்.

அன்பர்களே, அங்கே போனால் உள்ளூர் வள்ளத்திலேயே ஏறுங்கள். கரையில் விற்கும் இளநீரை வாங்கிக் குடியுங்கள். அந்த வரும்படி இருக்கும்வரை சில வீடுகளிலாவது விளக்கெரியும்.