நிறம் பார்த்த நாட்டின் தொழில் வளர்ச்சி



பத்து நிரை பால்மரம் உள்ள தோட்டத்தில் இரண்டு நிரையை மட்டுமே வெட்ட வேண்டும், மற்ற எட்டு நிரையில் கத்தி படக்கூடாது என்று ஒரு துரை உத்தரவு போட்டால் நாம் என்ன சொல்வோம்? சிரிப்போம். ஆனால், மனிதர்கள் விஷயத்தில் ஒரு நாட்டு அரசாங்கமே அப்படிச் சட்டம் போட்டது. அந்த நாடு தென்னாப்பிரிக்கா.

அது நமக்கு அந்நியமான மண் அல்ல. 1860-ஆம் ஆண்டு நவம்பரில், சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் நம் மக்களை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகம் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தார்கள்.

அந்நாட்டில் தங்கம் உண்டு, நிலக்கரி உண்டு. அரசாங்கமே இரும்பு ஆலை அமைத்தது. நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலையும் அமைத்தது. வல்லமைக்குக் குறைவில்லை. அந்த வல்லமையைக் கொண்டே அது பெரும்பான்மை மக்களைத் தேர்ச்சித் தொழிலிலிருந்து விலக்கியும் வைத்தது.

1926-ஆம் ஆண்டுச் சட்டம், சுரங்கத்தில் இயந்திரம் இயக்குவது போன்ற தேர்ச்சி வேலைகளைக் கறுப்பினத்தவருக்கும் இந்தியருக்கும் மறுத்தது. 1956-இல் வந்த சட்டம், எந்த வேலையையும் ஓர் இனத்துக்கென்று ஒதுக்கும் அதிகாரத்தை அமைச்சருக்குத் தந்தது. சில நகரங்களில் மின்தூக்கி இயக்கும் வேலைகூட வெள்ளையருக்கென்றே ஒதுக்கப்பட்டது! 1953-இல் கல்வியையும் பிரித்தார்கள். கறுப்பினப் பிள்ளைக்குக் கணிதம் எதற்கு என்று, பின்னாளில் பிரதமரான வெர்வூர்ட் அப்போது கேட்டார்.

இதனால் விளைந்தது என்ன?

முதலாவது, கைத்தேர்ச்சிப் பஞ்சம். 1960-களில் ஆலைகள் பெருகின. ஆனால் அவற்றுக்கு வேண்டிய தொழில்நுட்பப் பணியாளர்கள் போதவில்லை. பத்தில் ஏழு பேர் கறுப்பினத்தவராக இருந்தும், தேர்ச்சி பெற்ற ஆட்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள்.

இரண்டாவது, வாங்குவோர் பஞ்சம். 1970 வாக்கில் தங்கச் சுரங்கத்தில் வெள்ளையர் சம்பளம், கறுப்பினத்தவர் சம்பளத்தைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு. அரை வயிற்றுக் கஞ்சி குடிப்பவன் அலமாரியும் வானொலிப் பெட்டியும் எப்படி வாங்குவான்? வாங்க ஆளில்லாவிட்டால் ஆலை எப்படிப் பெருகும்?

மூன்றாவது, அமைதியின்மை. 1973-இல் டர்பன் ஆலைத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். 1976-இல் சொவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் வீதிக்கு வந்தார்கள். துப்பாக்கிக் குண்டுகளுக்குப் பலியானார்கள். 1985-இல் வெளிநாட்டு வங்கிகள் கடன் தவணையை நீட்டிக்க மறுத்தன.

வேறு வழியின்றிச் சட்டங்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1994-இல் எல்லா இனத்தவரும் வாக்களித்தார்கள். ஆயினும், அன்று பள்ளியில் மறுக்கப்பட்ட கணிதத்தை ஒரே நாளில் கொடுத்துவிட முடியுமா? இன்றும் அங்கே வேலை செய்வோர், வேலை தேடுவோர் அனைவரிலும் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு வேலையில்லை. சட்டத்தை ஒரு நாளில் நீக்கலாம்; அது விட்டுச்சென்ற குறையைத் தீர்க்க ஒரு தலைமுறை போதாது.

பெற்றோர்களே, ஒருவனைத் தாழ்த்தி வைக்கும் நாடு தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறது. இது வீட்டுக்கும் பொருந்தும். "தோட்டத்துப் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?" என்று யாரும் கேட்க இடம் கொடாதீர்கள், நீங்களும் கேட்காதீர்கள். மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.