பந்து வருமுன்

மாலைவேளையிற் பாடசாலை மைதானத்தின் ஓரமாகச் செல்வோர் செவியில் அடிக்கடி விழும் சொல் ஒன்றுண்டு: "பந்தைப் பார், பந்தைப் பார்!" துடுப்புடன் நிற்கும் சிறுவன் மூன்றாவது முறையும் ஆட்டமிழந்து விட்டால், "இவனுக்குக் கண் மந்தம், இதெல்லாம் பிறவியிலேயே அமைய வேண்டியது" என்னும் தீர்ப்பும் உடனே பிறந்துவிடும். மறுநாள் அச்சிறுவன் மைதானத்துப் பக்கம் வருவதில்லை. அத்தீர்ப்பு நீதியானதுதானா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலிற் கணக்கைப் பார்க்கவேண்டும். கிரிக்கெற் ஆடுகளத்தின் நீளம் 22 யார். வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் பந்து, அவருடைய கையை விட்டுத் துடுப்பாட்ட வீரரை அடைய அரைச் செக்கன்கூடச் செல்வதில்லை. மனிதன் ஒரு மாற்றத்தைக் கண்ணாற் கண்டு, அதற்கேற்பக் கையை அசைக்கத் தொடங்குவதற்கோ செக்கனில் ஐந்திலொரு பங்கு வேண்டியிருக்கிறது. அதற்குள் பந்து ஏறக்குறைய ஏழு மீற்றரைக் கடந்துவிடும். எனவே, நல்ல அளவில் விழுந்த பந்து நிலத்தைத் தொட்டபின் காட்டும் மாற்றத்தைக் கண்டு அடியைத் திருத்துவது பெரும்பாலும் இயலாத காரியம். 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்து செல்லும் வழியிற் கொழும்பு ஓவல் மைதானத்தில் ஆடிய அவுஸ்திரேலியர், ஆடுகளம் இரண்டு யார் குறைந்திருக்கக் கண்டனர் என்பது இலங்கைக் கிரிக்கெற் வரலாற்றில் ஒரு வேடிக்கையான செய்தி. துடுப்பெடுத்து நின்றவர்க்கு அவ்விரண்டு யார் வேடிக்கையாக இருந்திருக்க மாட்டா.

அப்படியாயின், தேர்ந்த வீரர்க்கு மட்டும் அந்த ஐந்திலொரு பங்கு செக்கன் இன்னும் குறுகியதோ? ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீற்றர் மக்லியட் என்னும் உளவியலறிஞர் இதனைச் சோதித்தார். ஆடுகளத்து விரிப்பின் கீழ் மெல்லிய மரக்கோல்களை வைத்து, விழும் பந்து எப்பக்கம் திரும்புமென்று எவரும் முன்னறிய முடியாதவாறு செய்தார். சர்வதேசப் போட்டிகளில் ஆடிய வீரர்களே துடுப்பெடுத்து நின்றனர். படச்சுருளை ஆராய்ந்தபோது, அவர்களும் பந்து திரும்பி ஐந்திலொரு பங்கு செக்கன் வரையில் தம் அடியை மாற்றத் தொடங்கவில்லை என்பது தெரிந்தது. 1987இல் வெளியான அம்முடிவின் பொருள் தெளிவு. பெருவீரனும் சாதாரண மனிதனும் இந்த வகையில் ஒரே நிலையினர். "கண் மந்தம்" என்ற தீர்ப்பின் முதற்கால் இங்கே முறிந்துவிடுகிறது.

வேற்றுமை வேறோரிடத்தில் இருக்கிறது. மைக்கேல் லாண்ட் என்பவரும் அதே மக்லியட்டும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், துடுப்பாட்டக்காரரின் தலையில் சிறு கமெரா ஒன்றைப் பொருத்திக் கண் எங்கே நோக்குகிறதென்று பதிவு செய்தனர். பந்து புறப்பட்ட கணத்திற் கண் அதனை நோக்குகிறது. பின்னர் அதனைத் தொடர்ந்து செல்லாமல், பந்து நிலத்தில் விழப்போகும் இடத்துக்குத் தாவி, அங்கே அதற்காகக் காத்திருக்கிறது! திறமை மிக்கவரின் கண் முன்னதாகத் தாவுகிறது. திறமை குறைந்தவரின் கண் பிந்தித் தாவுகிறது. "பந்தைப் பார்" என்று கூவுகின்ற நல்லாசிரியர், தேர்ந்த வீரன் தானே செய்யாத ஒன்றைச் சிறுவனிடம் கேட்கிறார் என்றால் அது மிகையன்று.

பந்து புறப்படுமுன்னரே கிடைக்கும் செய்தியும் உண்டு. ஓடிவரும் வீச்சாளரின் கை, மணிக்கட்டு, விரல்கள் ஆகியன எத்தகைய பந்து வரப்போகிறதென்பதை ஓரளவு சொல்லிவிடுகின்றன. பந்து கையை விடுவதற்குச் சற்று முன்னே படத்தை நிறுத்தி, "எப்படிப்பட்ட பந்து வரும்?" என்று கேட்ட ஆராய்ச்சிகள் அவுஸ்திரேலியாவில் நடந்துள்ளன. தேர்ந்தவர் அக்குறிப்புகளைப் படித்தனர். புதியவர்க்கு அதே படம் வாய் பேசாத படமாகவே இருந்தது. 2010இல் காலியில் தமது 800ஆவது ரெஸ்ற் விக்கெற்றை வீழ்த்திய கண்டி வீரர் முத்தையா முரளிதரனின் பந்து, வேகப்பந்தினும் மிக மெதுவானது. நேரம் போதாமையால் எவரும் அவரிடம் தோற்றதில்லை. இருபக்கமும் திரும்பும் பந்துகளை ஏறக்குறைய ஒரே கையசைவில் வீசினமையால், அக்கையைப் படிப்பதே எதிரணியினர்க்குப் பெரும்பாடாயிற்று.

ஆகவே திறமை என்பது பெரும்பாலும் ஒரு வாசிப்பு. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை ஒவ்வோர் எழுத்திலும் தங்குகிறது; தேர்ந்த பிள்ளை சொல்லின் தொடக்கத்தைக் கண்டதுமே முடிவை அறிந்துகொள்கிறது. அப்பிள்ளையின் கண் கூரியது என்று எவரும் சொல்வதில்லை. பல நூல்களை வாசித்தது என்றே சொல்வர்.

பலவகை என்பதே இங்கு முக்கியம். டொனால்ட் பிரட்மன் சிறுவயதிற் பௌரல் ஊரில் தம் வீட்டு நீர்த்தொட்டியின் செங்கற் பீடத்தில் கோல்ப் பந்தொன்றை எறிந்து, அது திரும்பி வரும்போது விக்கெற் குச்சியால் அடித்துப் பழகினார். வளைந்த செங்கற் பீடத்திற் பட்ட பந்து ஒருமுறை வந்தவாறு மறுமுறை வருவதில்லை. ரெஸ்ற் ஆட்டங்களில் அவருடைய சராசரி 99.94. அதனைத் தொட்டியொன்றே தந்ததென்று கூறுவது பேதைமை. ஆயினும், எந்தப் பயிற்றுநரும் வகுத்துக் கொடாத நல்ல பயிற்சி அது.

பாடசாலைகளிலோ ஒரே வகைப் பந்தை ஐம்பது தடவை எறிந்து, பின்னர் வேறொன்றுக்குச் செல்வதே வழக்கம். முதல் நாட்களில், அடியின் உருவம் கையிற் படியும் வரையில், அது வேண்டியதே. அதன்பின்? ஷே, மோர்கன் என்னும் இருவர் 1979இற் கையசைவுப் பயிற்சியொன்றைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே முடித்துப் பழகியோர், பயிற்சி வேளையில் விரைந்து செய்தனர். அசைவுகளைக் கலந்து பழகியோர் பயிற்சி வேளையிற் பின்தங்கினர். சில நாட்கள் சென்று மீண்டும் சோதித்தபோதோ அவர்களே முந்தினர். 1986இற் பட்மின்ரன் ஆட்டத்தின் மூவகைத் தொடக்க அடிகளைப் புதிய மாணவியர்க்குப் பழக்கிய ஆராய்ச்சியும், பின்னர் நடந்த சோதனையிற் கலந்து பழகியோர்க்கே வெற்றியளித்தது. ஆடுதளத்தில் தாம் பழகாத மற்றைப் பக்கத்தில் நின்று அடித்தபோதும் அவர்களே மேம்பட்டனர்.

பாடசாலை அணிக்கு ஆட்களைத் தெரிவு செய்வது பெரும்பாலும் பயிற்சியின் கடைசி மாலையிலேயே நடைபெறுகிறது. கலந்து பழகிய பிள்ளை அன்று தடுமாறும்; ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்த பிள்ளை அழகாக ஆடும். அன்றைய மாலையிற் குறிப்புப் புத்தகத்துடன் நிற்கும் ஆசிரியர் எந்தப் பெயரை வெட்டுவார் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.