குழியை மூடினால் கணக்கு முடிந்ததா?

நான் பொறியியலாளர் அல்ல. ஊடகத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு கேமரா முன் நிற்கிற ஆள். ஆனால் ஜொகூர் சாலைகளில் தினமும் வண்டி ஓட்டுகிறேன். புதிதாகப் போட்ட சாலை ஏன் சீக்கிரமே குழியாகிறது என்ற கேள்வி உங்களைப் போலவே எனக்கும் உண்டு.

'குத்தகையாளரின் தவறு' என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். சில வேளை அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சாலையை எவ்வளவு கனத்தில் போடுவது என்று முதலில் சொல்வது ஒரு கணக்கு. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் போட்டு, ராணுவ வீரர்களைக் கொண்டு லோரிகளை ஓட்டினார்கள். சாலை எப்போது விரிசல் விடுகிறது, எப்போது பள்ளமாகிறது என்று எழுதி வைத்தார்கள். அதில் பிறந்த சூத்திரத்தைப் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. ஜே.கே.ஆர். என்கிறோமே, நம் பொதுப்பணித் துறை, அது 1985இல் வெளியிட்ட கையேடும் அந்த முடிவுகளைப் பயன்படுத்தியது. 2013இல் கையேடு திருத்தப்பட்டது.

அங்கே பனியில் உறையும் நிலம். இங்கே ஆண்டு முழுக்க வெயிலும் மழையும்; மேற்குக் கரையில் இளகிய களிமண். பாசிர் கூடாங், தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகங்களுக்குப் போகும் லோரிகள் வேறு. அச்சின் பாரம் இரு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு என்பது அந்தச் சோதனை சொன்ன பாடம். ஆகவே சூத்திரத்தை நம் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்பச் சரிசெய்ய வேண்டும். அதற்கு நம் சாலைகளைப் பற்றிய உண்மையான பதிவு தேவை.

சிக்கல் இங்கேதான். ஒரு சாலை மூன்றாம் ஆண்டில் குழியாகிறது என்று வைத்துக்கொள்வோம். தார் கொட்டி மூடுகிறார்கள். யாரும் எழுதி வைக்கவில்லை. ஐந்தாம் ஆண்டில் அளக்கும் வண்டி வருகிறது. 'நல்ல நிலை' என்று கணினியில் ஏறுகிறது. இந்தக் கனமே போதும் என்று கணக்கும் நம்பிவிடுகிறது. அடுத்த சாலைக்கும் அதே கனம், அதே குழி! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டிலுள்ள நல்ல சாலையும் அப்படித்தான்.

கெட்டுப்போனதை எழுதி வைப்பது அவமானமல்ல. நம் மூவாரையே பாருங்கள். 1980களின் இறுதியில், நெடுஞ்சாலை கட்டுவதற்காக அங்குள்ள களிமண்ணில் ஒரு சோதனை மண்மேட்டைச் சரியும்வரை உயர்த்தினார்கள். எந்த உயரத்தில் சரியும் என்று முடிவு தெரியாத வல்லுநர்களைக் கணிக்கச் சொன்னார்கள். ஆளுக்கொரு பதில் வந்தது. மேடு 5.4 மீட்டரில் சரிந்தது. அதை மறைக்காமல் அளந்து, 1989இல் கோலாலம்பூர் கருத்தரங்கில் உலகத்துக்கே காட்டினார்கள். அந்தப் பதிவு பிறகு பல ஆய்வுகளுக்குப் பாடமாயிற்று.

குழிக்கும் அந்த மரியாதையைக் கொடுப்போம். மூடும் நாளிலேயே தேதி, இடம், ஆழம், காரணம் நான்கும் பதிவாக வேண்டும். புகார் செய்யும் நாமும் 'ரோடு மோசம்' என்பதோடு நிறுத்தாமல் தேதியோடு ஒரு படம் எடுத்து அனுப்பலாமே.

நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். காருக்குக் குழி ஒரு குலுக்கல். அவர்களுக்கு அது உயிர்.