பேரா, பிரிவா, பிழைப்பா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காலையிலிருந்து தம்பிமார்கள் என்னிடம் கேட்டது இரண்டே கேள்விதான். "அண்ணே, நம்ம காலேஜுக்கு வெளியூர்ல பெரிய பேர் இல்லையே, நல்ல வேலை கிடைக்குமா?" இது ஒன்று. "வேற பிராஞ்ச் எடுத்திருக்கலாமோண்ணே?" இது இன்னொன்று. அடுத்த வருஷம் கவுன்சிலிங் போகப்போகிற பிள்ளைகளின் பெற்றோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குப் போடுகிற கட்-ஆஃப், எந்த சீட் கிடைக்கும் என்று சொல்லும். படித்து முடித்து முப்பது வருஷம் பார்க்கப்போகிற வேலை நமக்கு ஒத்துவருமா என்று அது சொல்லாது. அதை நாம்தான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் பிரிவைப் பற்றிச் சொல்கிறேன். அதன் பெயரைப் பார்க்காதீர்கள், அன்றாட வேலையைப் பாருங்கள். சிவில் என்றால் வெயிலில் சைட்டில் நிற்கணும். மேஸ்திரியையும் காண்ட்ராக்டரையும் சமாளிக்கணும். என்னைப் போல எலெக்ட்ரிக்கல் என்றால் ராத்திரி ஷிப்ட் வரும். மழையில் லைன் போனால் தூக்கம் போச்சு. சாப்ட்வேர் என்றால் ஏ.சி. அறைதான், ஆனால் அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்பு தேடுவதே பாதி வேலை. எல்லா வேலையிலும் சலிப்பு உண்டு. எந்தச் சலிப்பை உங்களால் சிரித்துக்கொண்டே தாங்க முடியும் என்று யோசியுங்கள். விடுமுறையில் ஒரு வாரம் அந்த வேலை நடக்கிற இடத்தில் போய் நின்று பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

பிரிவு என்பது வேலியும் அல்ல. லோயர் கேம்ப் மின் நிலையத்தையே பாருங்கள். தண்ணீர் 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையிலிருந்து வருகிறது, அது சிவில். டர்பைன் மெக்கானிக்கல், ஜெனரேட்டர் எலெக்ட்ரிக்கல், கட்டுப்பாட்டுக் கருவிகள் எலெக்ட்ரானிக்ஸ். நாலு பிரிவும் சேர்ந்தால்தான் விளக்கு எரியும். அந்த பென்னிகுவிக் எந்தக் கல்லூரியில் படித்தார் என்று நம் பள்ளத்தாக்கில் யாரும் கேட்பதில்லை. அணையைச் சொல்லித்தான் கும்பிடுகிறார்கள்.

சரி, கல்லூரியின் பெயருக்கு மதிப்பே இல்லையா? உண்டு. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு எந்தக் கம்பெனி வரும் என்பதில் கட்டாயம் உண்டு. ஆனால் அது எவ்வளவு தூரம் வரும்? அமெரிக்காவில் டேல், குரூகர் என்ற இருவர் 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே தரத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடம் கிடைத்த மாணவர்களை ஒப்பிட்டார்கள். பெரிய பெயருள்ள கல்லூரிக்குப் போனவரும் போகாதவரும் பிற்காலத்தில் சராசரியாக ஏறக்குறைய ஒரே சம்பளம்தான் வாங்கினார்கள். 2014-இல் 30,000-க்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் நடத்திய காலப்–பர்டியூ கணக்கெடுப்பிலும், வேலையில் ஈடுபாட்டோடு இருப்பதற்குக் கல்லூரியின் வகை பெரிய காரணமாக இல்லை. அக்கறை காட்டிய ஆசிரியரும், ஊக்கம் கொடுத்து வழிகாட்டிய ஒருவரும் இருந்தார்களா என்பதுதான் காரணமாக இருந்தது.

ஆனால் முதல் ஆய்வில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி கூடுதல் பலன் தந்தது. எனக்குத் தோன்றுகிற காரணம் இதுதான்: வசதியான வீட்டுப் பிள்ளைக்குச் சித்தப்பா, மாமா என்று கேட்டுச் சொல்ல ஆள் இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்த அறிமுகத்தைக் கல்லூரிதான் தர வேண்டும்.

நண்பர்களே, இந்த இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது. விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள் நம் பக்கத்தில் படிக்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அதனால் சீட் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் யாரிடம் போய்க் கேட்பார்கள்? கல்லூரிக்குப் பெயர் வரட்டும் என்று காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை. நாலு வருஷத்தில் வீட்டுக்குச் சம்பளம் வந்தாக வேண்டும்.

ஆகவே சிபாரிசு வேண்டாம், பணம்கூடப் பிறகு பார்க்கலாம். ஒவ்வொருவரும் இரண்டு மாணவர்களுக்கு உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள். உங்கள் வேலையில் நல்லது எது, கஷ்டம் எது என்று மறைக்காமல் சொல்லுங்கள். காலியிடம் இருந்தால் தகவல் சொல்லுங்கள். விடுமுறையில் வந்தால் உங்கள் சைட்டைச் சுற்றிக் காட்டுங்கள்.

தம்பி தங்கைகளே, நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் சொல்லத்தான் அண்ணன்மாரும் அக்காமாரும் இத்தனை தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறோம்.