பூச்சை மறந்த கணக்கு



கருவுற்ற தாய் ஒருவர் ஸ்கேன் எடுக்கப் படுத்திருக்கிறார். வயிற்றில் களிம்பு தடவி, கையடக்கமான கருவி ஒன்றை மெல்ல நகர்த்துகிறார்கள். திரையில் குழந்தையின் உருவம் தெரிகிறது. எல்லார் கண்ணும் திரையில்தான். கருவியின் முகப்பில் இருக்கும் பொருளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இன்றைய உரை அந்தப் பொருளைப் பற்றியது.

சில பொருள்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும். 1880ஆம் ஆண்டு பிரான்சில் ஜாக் கியூரி, பியேர் கியூரி எனும் சகோதரர்கள் குவார்ட்ஸ் முதலிய படிகங்களில் இதைக் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அதே பொருள் சுருங்கி விரியும் என்பது மறு ஆண்டே உறுதியானது. சமையலறையில் 'டக்' என்று பொறி விடும் லைட்டரும் இந்தப் பண்பால்தான் இயங்குகிறது. ஸ்கேன் கருவியில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது ஈய சிர்கோனேட் டைட்டனேட் எனும் பீங்கான். மின்சாரம் பட்டதும் அது அதிர்ந்து, காதுக்கு எட்டாத ஒலியை உடலுக்குள் அனுப்புகிறது. திரும்பி வரும் எதிரொலியை மீண்டும் மின்சாரமாக்குகிறது.

ஆனால், பீங்கான் கடினமானது, உடல் மென்மையானது. இரண்டையும் நேருக்கு நேர் சேர்த்தால், ஒலி ஆற்றலில் ஏறக்குறைய 80 விழுக்காடு எல்லையிலேயே திரும்பிவிடும். அதனால்தான் பீங்கானையும் பிசினையும் சேர்த்துக் கூட்டுப்பொருள் செய்தார்கள். இரண்டும் எந்தெந்த வகையில் இணையலாம் என்று 1978இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நியூன்ஹாம் குழுவினர் வகைப்படுத்தினார்கள். பிசினுக்குள் பீங்கான் தூண்கள் மேலிருந்து கீழ்வரை நிற்பது ஒரு வகை. ஸ்கேன் கருவிக்கு ஏற்றது அது. பீங்கான் துகள்கள் தனித்தனியே பதிந்திருப்பது இன்னொரு வகை. வளையக்கூடிய உணரித் தகடுகளுக்கு இது உதவும்.

இரண்டாம் வகையில்தான் பூச்சு பெரும் பொருளாகிறது. பிசினோடு நன்றாக ஒட்டவும், விரிசல் விடாமல் இருக்கவும் துகளுக்கு மெல்லிய மேற்பூச்சு கொடுப்பதுண்டு. இவ்வளவு மெல்லிய பூச்சு என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பீங்கானின் மின்கடவு எண் ஏறக்குறைய 1,000 என்றும், பிசின் பூச்சின் எண் 4 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. பூச்சின் கனம் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குதான். ஆனாலும் கொடுத்த மின்னழுத்தத்தில் ஏறக்குறைய 70 விழுக்காட்டைப் பூச்சே எடுத்துக்கொள்ளும். வேலை செய்ய வேண்டிய பீங்கானுக்கு மிஞ்சுவது 30 விழுக்காடு!

அப்படியானால் மின்சாரம் கடத்தும் உலோகத்தால் பூசினால் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. உலோகம் துகளை முழுவதும் மூடிக்கொண்டால், மின்புலம் உள்ளேயே நுழையாது. மென்மையான பூச்சோ அதிர்வை விழுங்கிவிடும். பீங்கான் துகளை முதலில் வலிய மின்புலத்தில் வைத்து ஒரே திசைக்குத் திருப்பவேண்டும். புலம் எட்டாத துகள் பிசினுக்குள் வெறும் மணலாகத்தான் கிடக்கும்.

எனவே, செய்து பார்ப்பதற்கு முன் கணித மாதிரி தேவைப்படுகிறது. 1957இல் ஜான் எஷெல்பி, பெரிய பொருளுக்குள் பதிந்த நீள்கோள வடிவத் துகளின் உள்ளே திரிபு எங்கும் ஒரே சீராக இருக்கும் என்று காட்டினார். பல துகள்கள் ஒன்றையொன்று பாதிப்பதைச் சராசரியாகக் கணக்கில் கொள்ளும் வழியை 1973இல் மோரி, தனகா எனும் ஜப்பானிய ஆய்வாளர்கள் தந்தார்கள். பிற்பாடு மின்புலமும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. பூச்சு வந்ததும் எஷெல்பி காட்டிய சீர்மை பொதுவாகக் கெட்டுவிடுகிறது. துகள், பூச்சு, பிசின் என மூன்றையும் தனித்தனியே எண்ணவேண்டியிருக்கிறது. அதனால் கணினியில் ஒவ்வொரு பகுதியையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறார்கள்.

பூச்சை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் தாளில் விடை அழகாக வரும். செய்துபார்த்த தகடு அந்த அளவுக்கு வேலை செய்யாது. பிறகு பீங்கானைக் குறை சொல்லி, இன்னும் அதிகமாகச் சேர்ப்பார்கள். தகடு வளையாது, உடையும். குற்றம் பீங்கானில் இல்லை, கணக்கில் விடுபட்ட பூச்சில் இருக்கிறது.

பூச்சு எதிரியும் அன்று. அதன் கனம், கடினம், மின்கடவு எண் ஆகிய மூன்றையும் அறிந்து தேர்ந்தெடுத்தால், அதே பூச்சு துகளையும் பிசினையும் நன்றாக இணைக்கும். பெரிதாகத் தெரிகிற பொருளை மட்டும் எண்ணி, இடையில் இருக்கும் மெல்லியதை மறந்துவிடக்கூடாது. அடுத்த முறை ஸ்கேன் திரையைப் பார்க்கும்போது, அந்தச் சிறு கருவிக்குள் இருப்பதையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.