கடலுக்கடியில் மக்குமா, நம் பை?

(குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியது)

போன கூட்டத்தில் ஒருவர், “மக்கும் பைதானே, மழையில் வாய்க்கால் வழியாகக் கடலுக்கே போனாலும் அங்கே கிருமிகள் தின்றுவிடும்” என்றார். நானும் தலையாட்டினேன். பி.காம். படித்து, வங்கியில் லெட்ஜர் பார்த்தவன் வேறென்ன செய்வேன்? வீட்டுக்குப் போய்ப் படித்த பிறகுதான், பாதி விஷயத்துக்குத் தலையாட்டியிருக்கிறேன் என்று தெரிந்தது.

இதில் ஜப்பான்காரர்கள் நிறைய மெனக்கெட்டிருக்கிறார்கள். 2019-இல் போசோ தீபகற்பத்துக்கு அப்பால், கிட்டத்தட்ட 6,000 மீட்டர் ஆழத்தில், ‘ஷின்காய் 6500’ நீர்மூழ்கியில் போனவர்கள் ஓர் உணவுப் பொட்டலத்தின் உறையைக் கண்டார்கள். அதில் அச்சாகியிருந்த வருடம் 1984! அது சாதாரண பிளாஸ்டிக். அங்கே ஒரே இருட்டு. நம் ஃபிரிட்ஜைவிடக் குளிர்.

சரி, மக்கும் பிளாஸ்டிக்கைப் போட்டால்? டோக்கியோ பல்கலைக்கழகத்தாரும் மற்றவர்களும் சேர்ந்து 757 மீட்டர் முதல் 5,552 மீட்டர் வரை பல இடங்களில் போட்டுப் பார்த்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். பி.ஹெச்.ஏ. என்ற வகை கரைந்தது. பாக்டீரியாக்கள், நாம் ஃபிக்சட் டெபாசிட் போடுவதுபோல, பஞ்ச காலத்துக்கென்று தங்கள் உடம்பிலேயே சேர்த்து வைக்கும் பொருள் அது. தின்னத் தெரிந்த கிருமிகள் கடலிலும் இருக்கின்றன. ஆனால் சோள மாவுச்சத்திலிருந்து தயாராகும் பி.எல்.ஏ. அசையவே இல்லை.

பிளாஸ்டிக் இழை மிக நீளம். கிருமியால் விழுங்க முடியாது. அதனால் என்சைமை வெளியே சுரந்து, தண்ணீரின் துணையோடு இழையைத் துண்டு துண்டாக வெட்டி, பிறகு உறிஞ்சிக்கொள்கிறது. நம் ஊர்ச் சூட்டுக்குப் பழகிய என்சைம் குளிரில் விறைத்துப்போகும். குளிர்க்கடல் கிருமியின் என்சைம் சற்றுத் தளர்வான அமைப்பு கொண்டது, குளிரிலும் வளைந்து கொடுக்கும். அதற்கு விலையும் உண்டு, சூடு பட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். ஜப்பான், குரில் அகழிகளில் 5,000 மீட்டருக்குக் கீழே எடுத்த சேற்றில் மொரிடெல்லா, ஷெவனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் கிடைத்தன. பாலிகேப்ரோலாக்டோன் என்ற பிளாஸ்டிக்கை 4 டிகிரியிலும் அரிக்கின்றன! எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

ஆனாலும் ஆழம் கூடக் கூட வேலை மந்தமாகிறது. பி.எல்.ஏ.வுக்கோ 60 டிகிரியை ஒட்டிய சூடு தொடர்ந்து வேண்டும். பெரிய உரத் தொழிற்கூடத்தில் அது கிடைக்கும். கடலிலும் கிடைக்காது, நம் மொட்டைமாடி உரத் தொட்டியிலும் கிடைக்காது.

‘மக்கும்’ என்ற ஒரே சொல்லை நம்பித்தான் சங்கம் கூடுதல் விலை கொடுத்துப் பை வாங்குகிறது. அடுத்த முறை கொட்டேஷன் கேட்கும்போது, என்ன பொருள், எத்தனை டிகிரியில், எத்தனை நாளில் மக்கும் என்று எழுதிக் கேட்க வேண்டும். செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

நாலு மாதம் முன்பு தொட்டியில் போட்ட பையின் துண்டு ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்திருக்கிறேன். அதன்மேல் எழுத்து இன்னும் படிக்கிற மாதிரி இருக்கிறது. காபி குடிக்கும்போது பாருங்கள்.